முடிவு தெரிந்த கதைக்கு டிக்கெட் எதற்கு?

கேள்வி: பிள்ளைகளோடு, 'தி லயன் கிங்' படத்தின் முன்கதையான 'முஃபாசா' பார்த்தேன். அந்தச் சிங்கம் பிற்பாடு எப்படிச் சாகப்போகிறது என்பது என் ஏழு வயது மகளுக்கே தெரியும். முடிவு தெரிந்த கதைக்கு 'முன்கதை' என்று ஒன்று எடுப்பது கல்லா கட்டத்தானே? அதையும் குடும்பம் குடும்பமாகப் போய்ப் பார்க்கிறார்களே, ஏன்? (கோவை வாசகர்)

பதில்: கல்லா கட்டத்தான். பின்னே, தருமத்துக்கா எடுப்பார்கள்? 2015-இல் வந்த, 'டெஸ்பிகபிள் மீ' கார்ட்டூனின் முன்கதையான 'மினியன்ஸ்' படத்துக்கு ஆன செலவு சுமார் 7.4 கோடி டாலர். உலகம் முழுக்க வந்த வசூல் 115 கோடி டாலருக்கு மேல். அந்த மஞ்சள் குட்டிகள் பேசுவது எந்த நாட்டு மொழியும் இல்லை என்பதால் எந்த ஊர்க் குழந்தையும் மொழிபெயர்ப்புக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. இப்படி ஒரு கணக்கைப் பார்த்த பிறகு எந்த ஸ்டுடியோ கையைக் கட்டிக்கொண்டு இருக்கும்? ஆனால் இரண்டாம் பாகம், மூன்றாம் பாகம் எல்லாமும் அதே கல்லாவுக்குத்தான் போகின்றன. முன்கதையை மட்டும் கூண்டில் ஏற்றுவானேன்?

சரி, குற்றச்சாட்டுக்கு வருவோம். முடிவு தெரிந்துவிட்டதே என்கிறீர்கள். முடிவு தெரிந்திருப்பதை வைத்து இயக்குநர் என்ன செய்தார் என்று நீங்கள் கேட்டிருக்க வேண்டும். பிக்ஸார் கார்ட்டூன் நிறுவனத்தின் முதல் முன்கதையான 'மான்ஸ்டர்ஸ் யுனிவர்சிட்டி'யை (2013) எடுத்துக்கொள்ளுங்கள். 2001-இல் வந்த மூலப்படமான 'மான்ஸ்டர்ஸ், இன்க்.'-இல் பூதங்களின் ஊருக்கு மின்சாரமே மனிதக் குழந்தைகளின் அலறல்தான். குழந்தைகளைப் பயமுறுத்தி அலற வைப்பவன் நீல ரோமக்காரன் சல்லி. ஒற்றைக்கண் மைக் அவனுக்கு உதவியாள், அவ்வளவுதான். முன்கதையோ சின்னஞ்சிறு மைக்கிடமிருந்து தொடங்குகிறது. அவனுக்கு ஒரே கனவு: பெரியவனாகி, பயமுறுத்துவதில் பேரெடுக்க வேண்டும். பயமுறுத்தக் கற்றுத்தரும் கல்லூரியில் சேர்ந்து விழுந்து விழுந்து படிக்கிறான், பாடத்தைக் கரைத்துக் குடிக்கிறான். கொட்டகையில் உட்கார்ந்திருக்கும் நமக்கோ அது நடக்கவே நடக்காது என்று முதல் காட்சியிலேயே தெரியும். முடிவு தெரியாத படத்தில் இந்த வலிக்கு இடமே இல்லை.

உச்சக்கட்டத்தைக் கவனியுங்கள். தன்னை நிரூபித்தே தீருவது என்று மைக் கதவைத் திறந்துகொண்டு மனிதர் உலகத்துக்குள் நுழைகிறான். கோடை முகாம் ஒன்றின் மரவீடு, வரிசையாகக் கட்டில்கள், அறை நிறையக் குழந்தைகள். கற்ற வித்தை அத்தனையும் காட்டி உறுமுகிறான். ஒரு குழந்தைகூட அலறவில்லை. பார்க்க வேடிக்கையாக இருக்கிறாய் என்கிறாள் ஒரு சிறுமி. அதற்கப்புறம் ஏரிக்கரையில் அவன் தனியாக உட்கார்ந்திருக்கும் காட்சியைக் குடும்பப் படம் என்ற பெயரில் வைக்க ஒரு துணிச்சல் வேண்டும். உழைத்தால் எதுவும் கைகூடும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லும் கார்ட்டூன்கள் மலைபோல் குவிந்து கிடக்கின்றன. எவ்வளவு உழைத்தாலும் சிலது உனக்கு வாய்க்காது என்று இந்தப் படம் சொல்கிறது. கடைசியில் மைக், சல்லி இரண்டு பேரையும் கல்லூரியை விட்டே துரத்துகிறார்கள். தபால் பிரிக்கும் வேலையில் சேர்ந்து படிப்படியாக மேலே வருகிறார்கள்.

கொட்டகைக்கு யார் போனார்கள் என்பதையும் யோசியுங்கள். 2001-இல் ஆறு வயதாக இருந்த பிள்ளைக்கு 2013-இல் பதினெட்டு. கல்லூரிக்குக் காலெடுத்து வைக்கும் வயது. பக்கத்து இருக்கையில் ஆறு வயதுத் தம்பியோ தங்கையோ. அந்தப் பக்கம், பீஸ் கட்டப்போகும் அப்பா. மூன்று பேருக்கும் மூன்று படம் ஓடியிருக்கும். இந்தப் படம் உலகம் முழுக்க வசூலித்த 74 கோடி டாலர் பொம்மை ஆசையால் மட்டும் வந்துவிடாது.

குறையே இல்லையா என்றால், உண்டு. மூலப்படத்தில் மைக், சல்லியை நாலாம் வகுப்பிலிருந்தே தெரியும் என்பது போல ஒரு பேச்சை விட்டிருப்பான். முன்கதையில் இருவரும் முதன்முதலாகச் சந்திப்பதே கல்லூரியில்தான். படம் எடுத்தவர்கள் அந்தப் பழைய வசனத்தைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிட்டார்கள். விட்டது நல்லதுதான் என்பேன். வசனத்துக்கு மரியாதை செய்யப்போய் நாலாம் வகுப்புக் கதையை எடுத்திருந்தால் அந்த ஏரிக்கரை கிடைத்திருக்காது.

நீங்கள் பார்த்த 'முஃபாசா'வில் (2024) எனக்குப் புகார் இருக்கிறது, ஆனால் உங்கள் புகார் அல்ல. வெள்ளத்தில் அடித்து வரப்பட்ட அநாதைக் குட்டி முஃபாசாவைக் காப்பாற்றித் தம் கூட்டத்தில் சேர்த்துக்கொள்வது டாக்கா. அவன்தான் பின்னாளில் 'தி லயன் கிங்'கின் வில்லன் ஸ்கார் (ஆங்கிலத்தில் தழும்பு என்று பொருள்). பிறகு முஃபாசாவைக் காட்டிக்கொடுப்பவனும் அவனே, கடைசி நேரத்தில் குறுக்கே பாய்ந்து அந்த அடியைத் தன் முகத்தில் வாங்கிக்கொள்பவனும் அவனே. பெயருக்கே காரணமான தழும்பு, அண்ணன் தம்பி பாசத்தின் கடைசி மிச்சமாக வருகிறது. அருமையான இடம். ஆனால் அவன் கெட்டுப்போவதற்குக் காரணம்? அவன் ஆசைப்பட்ட பெண்சிங்கம் சராபி, முஃபாசாவை விரும்பிவிட்டாளாம்! 'மூன்லைட்' எடுத்த பேரி ஜென்கின்ஸ் போன்ற ஒரு இயக்குநருக்கு நம்மூர் முக்கோணக் காதலை விட்டால் வேறு வழி கிடைக்கவில்லையா? (தமிழில் அர்ஜுன் தாஸும் அசோக் செல்வனும் குரலில் எவ்வளவோ தாங்கிப் பிடித்தார்கள். காட்டுப்பன்றி பும்பாவாகப் பேசிய மறைந்த ரோபோ சங்கர் தனிக் கச்சேரி.) அப்படியும் அமெரிக்காவில் முதல் வார இறுதியில் 'சோனிக் 3'-க்குப் பின்னால் போன படம், விடாமல் ஓடி உலக அளவில் 70 கோடி டாலரைத் தாண்டியது. பார்த்தவர்கள் பக்கத்து வீட்டில் சொல்லாமல் இது நடக்காது.

உங்கள் மகளுக்கு மைக் கதையைக் காட்டுவதாக இருந்தால், கதை வரிசைப்படி கல்லூரிப் படத்திலிருந்து தொடங்கிவிடாதீர்கள். 2001 படத்தை முதலில் போடுங்கள். அலறலைவிடச் சிரிப்புக்குப் பத்து மடங்கு சக்தி என்று அதில் கண்டுபிடிப்பார்கள், சிரிக்க வைக்கும் வேலையில் கொடிகட்டிப் பறப்பவன் மைக். அதைப் பார்த்த பிள்ளைக்குத்தான் மரவீட்டில் அந்தச் சிறுமி சொன்னது புரியும்.