ஜார்ஜியாவின் நாட்டுப்புற நடனத்தை ஒரு பயணியால் கற்றுக்கொள்ள முடியுமா?

ஜார்ஜியாவுக்குப் பயணம் போகும்போது அந்த ஊர் நடனத்தைக் கற்க முடியுமா, எதிலிருந்து தொடங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக முடியும். நான் தலைநகர் திபிலிசியில் மூன்று வாரம் தங்கி, மாலை வகுப்புக்குப் போனேன். அந்த மூன்று வாரத்தில் நடக்கத்தான் கற்றுக்கொண்டேன். நீங்களும் நடையிலிருந்தே தொடங்குங்கள்.

காணொளிகளில் பெரும்பாலும் நாம் பார்ப்பது மேடைக்கான வடிவம். 1945இல் இலிகோ சுகிஷ்விலியும் நினோ ராமிஷ்விலியும் தொடங்கிய குழு அதை உலகம் முழுக்கக் கொண்டுபோனது. வாளும் கேடயமுமாகப் பாய்வது, மெல்லிய தோல் பூட்ஸில் கால்விரல்களை மடக்கி அதன்மேல் நின்று ஆடுவது எல்லாம் சின்ன வயதிலிருந்து பழகியவர்களுக்கு. ஆசைப்பட்டு முயன்றால் விரல் போய்விடும்.

கார்த்துலி என்ற ஜோடி நடனம்தான் என் மனதைப் பிடித்தது. அதில் பெண் தண்ணீரில் மிதப்பதுபோல் நகர வேண்டும். நீண்ட பாவாடைக்குள் குதிகாலைத் தூக்கியபடி சின்னச் சின்ன அடி, வேகமாக. மேலுடம்பு அசையவே கூடாது. எங்கள் ஆசிரியை என் முகத்தைப் பார்க்கவே இல்லை. தரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பாவாடையின் விளிம்பையே பார்ப்பார். விளிம்பு ஆடினால் "நெலா, நெலா", அதாவது மெதுவாக, மெதுவாக என்பார். அப்புறம் மறுபடியும் "எர்தி, ஓரி, சாமி" என்று எண்ணத் தொடங்குவார். மூன்றுக்கு அவர்கள் மொழியில் சாமி! முதல் வாரம் முழுக்க இரவில் கெண்டைக்கால் இழுத்துக்கொண்டது. பத்தாவது நாளோ என்னவோ, அவர் ஒன்றும் சொல்லாமல் எழுந்து நின்றார். அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை.

தாளத்தில் ஆர்வம் இருந்தால் ஹொருமியைக் கேளுங்கள். ஜார்ஜியாவின் அஜாரா, குரியா பக்கத்துப் போர் நடனம். ஐந்து எண்ணிக்கை. ஐந்தைந்தாக எண்ணும் நம் கண்ட நடை பழகிய காது சட்டென்று பிடித்துக்கொள்ளும்.

வகுப்புகளில் பெரும்பாலும் குழந்தைகள்தான் இருப்பார்கள். பெரியவர்களுக்கான தொடக்க வகுப்பா என்று விசாரித்துச் சேருங்கள். மெல்லிய அடி கொண்ட காலணி போதும்.

கார்த்துலியில் ஆண் பெண்ணைத் தொடக் கூடாது, அவன் சட்டைக் கை கூட அவள்மேல் படக் கூடாது. கடைசி நாள் வகுப்பிலிருந்த ஒரு பெரியவரோடு ஒரு சுற்று ஆடினேன். பாதியில் பாவாடை காலில் சிக்கித் தடுமாறினேன். அவர் கை என் முதுகுக்குப் பின்னால் ஒரு சாண் தூரம்வரை வந்து நின்றுவிட்டது. தொடவில்லை. நான் தாளத்துக்குத் திரும்பும்வரை தன் அடியைச் சுருக்கிக்கொண்டு கூடவே வந்தார். டோலி என்ற மேளம் நின்ற பிறகுதான் கை கொடுத்தார்.