அங்கிள் டூபெலோ உடைந்தது – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

ஜெஃப் ட்வீடியின் அமெரிக்க ராக் குழுவான வில்கோ பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு, அதற்கு முன் அவரும் ஜே ஃபராரும் சேர்ந்து நடத்திய அங்கிள் டூபெலோவின் நான்கு ஆல்பங்களையும் ஒரே வாரத்தில் கேட்டேன். ஜெஃப் ட்வீடி இவ்வளவு பெரிய ஆளாவார் என்று தெரிந்து, பொறாமையில்தான் ஜே ஃபரார் குழுவை உடைத்தாரோ?

ர.

அன்புள்ள ர.,

கதையைக் கடைசிப் பக்கத்திலிருந்து படிக்கிறீர்கள். அன்றைக்கு அந்தக் குழு என்றாலே ஃபராரின் குரல்தான். இருபது வயதில் அறுபது வயதுக்காரர் மாதிரிப் பாடுவார். ட்வீடி பாஸ் வாசித்துக்கொண்டு நடுநடுவே பாடுகிறவர். இல்லினாயில், செயின்ட் லூயிஸுக்கு எதிர்க்கரைப் பக்கம் உள்ள பெல்வில் என்ற பழைய சுரங்க ஊரில் பள்ளிக்கூடத்திலிருந்தே கூட்டாளிகள். டிரம்ஸுக்கு மைக் ஹைடார்ன். பங்க் என்ற முரட்டு ராக் கேட்டு வளர்ந்த பையன்கள், 1990-இல் முதல் ஆல்பத்துக்கு வைத்த பெயரோ கார்ட்டர் குடும்பம் என்ற பழைய கன்ட்ரி இசைக் குழு 1936-இல் பதிவு செய்த பாட்டிலிருந்து எடுத்தது: 'நோ டிப்ரஷன்'. கன்ட்ரி என்கிற அந்த அமெரிக்கக் கிராமத்து இசையைக் கிண்டலுக்காக அவர்கள் தொடவில்லை, அதுதான் எனக்குப் பிடித்தது. 1992-இல், நிர்வாணா என்ற ராக் குழுவின் இரைச்சல் ஊரையே தூக்கிக்கொண்டு போன நேரத்தில், ஆர்.இ.எம். குழுவின் பீட்டர் பக்கைத் தயாரிப்பாளராக வைத்துக்கொண்டு ஐந்தே நாளில் அக்கூஸ்டிக் கிட்டாரில் சுரங்கத் தொழிலாளிப் பாட்டெல்லாம் பாடிவிட்டு, பதிவான தேதிகளையே ஆல்பத்துக்குப் பெயராக வைத்தார்கள். என்ன தைரியம்!

1993-இல் 'ஆனோடைன்' ஆல்பம் வந்தபோது ஏறக்குறைய பாதிப் பாட்டு ட்வீடியுடையது. ஒரு வீட்டில் இரண்டு அடுப்பு எரிய ஆரம்பித்துவிட்டது. 1994 ஜனவரியில் ஃபரார் விலகப்போவதாக மேனேஜரிடம்தான் சொன்னார். ட்வீடிக்குத் தெரிந்ததே மேனேஜர் சொல்லித்தான். அத்தனை வருஷப் பழக்கத்துக்கு நேரில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், அதை மட்டும் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. கடனைத் தீர்க்க ஒரு கடைசிச் சுற்றுப்பயணம், மே 1-ஆம் தேதி செயின்ட் லூயிஸில் கடைசிக் கச்சேரி, அவ்வளவுதான்.

பொறாமை என்கிறீர்களே, 1995-ஐப் பாருங்கள். ட்வீடி மிச்சக் குழுவை வைத்து வில்கோவின் 'ஏ.எம்.' ஆல்பம் போட்டார். ஃபரார், நடுவில் விலகியிருந்த ஹைடார்னைத் திரும்பக் கூட்டிவந்து, சன் வோல்ட் என்ற தன் புதுக் குழுவின் 'ட்ரேஸ்' போட்டார். அந்த வருஷம் விமர்சகர்கள் கொண்டாடியது ஃபராரைத்தான். வில்கோவுக்குப் பெரிய பெயர் வாங்கித்தந்த 'யாங்கி ஹோட்டல் ஃபாக்ஸ்ட்ராட்' ஆல்பம் வர 2002 ஆகிவிட்டது.

முதலில் 'ட்ரேஸ்' கேளுங்கள். தொடக்கப் பாட்டு 'விண்ட்ஃபால்'. அப்புறம் எழுதுங்கள், பேசுவோம்.