வீட்டில் தமிழ் கதைத்தால் ஆங்கிலம் வராதா?

கேள்வி: மகன் மூன்றாம் தரம் படிக்கிறான். கனடாவில் இருக்கும் அண்ணா காசு அனுப்புவதால், தமிழ்மொழிமூலப் பள்ளிக்கூடத்திலிருந்து எடுத்து ஆங்கில மொழிமூலத் தனியார் பள்ளிக்கூடத்தில் விட்டோம். வீட்டிலும் ஆங்கிலத்திலேயே கதைக்கட்டாம் என்கிறார் ரீச்சர். எனக்கும் கணவருக்கும் ஆங்கிலம் மட்டுமட்டு. மகன் இப்போது வாய் திறப்பதே குறைவு. அப்பம்மா கூப்பிட்டால்கூட ஓம், இல்லை என்றுவிட்டு எழும்பிப் போகிறான். திரும்பப் பழைய பள்ளிக்கூடத்தில் விட்டால் அவனுடைய எதிர்காலம் பாழாகிவிடுமோ?
– ஒரு தாய், கொக்குவில்

பதில்: அன்புச் சகோதரி, பள்ளிக்கூடத்தைப் பிறகு பார்ப்போம். முதலில் இன்றிரவே வீட்டில் தமிழில் கதைக்கத் தொடங்குங்கள். ரீச்சர் நல்லதை நினைத்துத்தான் சொல்லியிருப்பார், ஆனால் இது பிழையான ஆலோசனை. உங்களுக்குத் தட்டுத்தடுமாறி வரும் ஆங்கிலத்தில் சாப்பிடு, படி, படு என்று சொல்லலாம். அவன் அழுதால் ஆற்றவோ, அப்பம்மா இடம்பெயர்ந்த கதையைச் சொல்லவோ, ஏன், எதற்கு என்று கேட்டால் நாலு வசனம் விளக்கவோ முடியாது. அந்தப் பேச்சில்தான் எட்டு வயதுப் பிள்ளைக்கு யோசனை வளரும்.

ஒன்று செய்து பாருங்கள். சுற்றாடல் பாடக் கொப்பியை எடுத்து, நேற்றுப் படித்ததை உங்களுக்குத் தமிழில் சொல்லித் தரச் சொல்லுங்கள். மழைத்தண்ணீர் எப்படி உங்கள் வளவுக் கிணற்றுக்குப் போய்ச் சேருகிறது என்று தன் பாட்டில் சொன்னால் பயமில்லை. கொப்பியில் உள்ள ஆங்கில வரியை ஒப்புவித்துவிட்டு முழித்தால், விளங்காமலே பாடமாக்குகிறான் என்று அர்த்தம்.

உங்கள் பயத்திலும் நியாயம் இருக்கிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில் விரிவுரைகள் ஆங்கிலத்தில்தான். உயர்தரம் வரை தமிழில் படித்துப் போகும் பிள்ளைகள் தொடக்கத்தில் திண்டாடுகிறார்கள். ஆனாலும் தேறி வருகிறார்கள். யாழ் போதனா வைத்தியசாலை டாக்குத்தர்களில் பலர் அப்படி வந்தவர்களே. உயிரியலும் இரசாயனவியலும் தமிழில் நன்றாக விளங்கியிருந்ததால், பிறகு மொழியைப் பிடிப்பதுதான் பாக்கியாக இருந்தது.

எனக்கு மனம் நோவது வேறொன்றுக்கு. 19ஆம் நூற்றாண்டிலேயே மானிப்பாயில் அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் கிறீன் தமிழில் மருத்துவம் படிப்பித்தார். உடற்கூற்றியல், அறுவை மருத்துவ நூல்களைத் தமிழில் கொண்டுவந்தார். அதே ஊர்களில் இன்று மூன்றாம் தரப் பிள்ளைக்குக் கணக்கைக்கூடத் தமிழில் சொல்லிக் கொடுக்கத் தயங்குகிறோம். கடைக்கும் கோயிலுக்கும் மட்டும் வைத்திருந்து படிப்புக்கு எடுக்காத மொழி, பேரப்பிள்ளைகள் காலத்தில் மெலிந்துதான் போகும்.

சரி, பள்ளிக்கூடம். எந்தப் பாடத்திட்டம் என்று கேளுங்கள். லண்டன் பாடத்திட்டம், அதாவது பிரித்தானியப் பரீட்சைகளுக்குப் படிப்பிப்பது என்றால் யோசியுங்கள், ஏனென்றால் இங்கே பல்கலைக்கழக அனுமதி வழக்கமாக உள்ளூர் உயர்தரப் பரீட்சையின் இசட் புள்ளியை, அதாவது மற்றப் பிள்ளைகளோடு ஒப்பிட்டுக் கணிக்கும் புள்ளியை வைத்துத்தான். ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சையும் தமிழிலோ சிங்களத்திலோதான் நடக்கிறது. என்னைக் கேட்டால், அடுத்த தவணையே பழைய பள்ளிக்கூடத்துக்கு அனுப்புங்கள். ஆறாம் தரத்திலிருந்து சில அரச பாடசாலைகளில் இருமொழிக் கல்வி உண்டு. கணிதம், விஞ்ஞானம் போன்றவற்றை ஆங்கிலத்திலும் தமிழ், சமயம், வரலாறு ஆகியவற்றைத் தமிழிலும் படிக்கலாம். அதற்குள் அத்திவாரம் விழுந்துவிடும். அதுவரை நன்றாகக் கதைக்கப் பழக்கும் ஒரு ஆங்கில ரீச்சரிடம் விடுங்கள்.

அண்ணாவுக்கு நீங்களே போன் எடுத்துச் சொல்லுங்கள். காசை நிறுத்தச் சொல்ல வேண்டாம். ஆங்கில ரியூசனுக்கும், இரண்டு மொழியிலும் நல்ல கதைப்புத்தகங்கள் வாங்கவும் அது உதவும்.