மூளை வீக்கத்துக்கு மண்டை எலும்பை எடுக்க வேண்டும் என்கிறார்கள், சம்மதிக்கலாமா?

அண்ணனுக்குத் தலையில் அடிபட்டு மூன்று நாளாகியும் மூளை வீக்கம் இறங்கவில்லை, எலும்பை எடுக்கக் கையெழுத்துக் கேட்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். தொப்பூர் கணவாய் இறக்கத்தில் என் தம்பி பைக்கோடு விழுந்தபோது அதே மாதிரித் தாளில் நான்தான் கையெழுத்துப் போட்டேன்.

கால் வீங்கினால் தோல் இழுபட்டு இடம் கொடுக்கும், மண்டை ஓடு கொடுக்காது. உள்ளே அழுத்தம் ஏற ஏற மூளைக்கு ரத்தம் போவதே குறைந்துவிடும். பாதரச மில்லிமீட்டர் கணக்கில் 15க்குள் இருக்க வேண்டியது 22ஐத் தாண்டினால் குறைக்கப் பார்ப்பார்கள்.

முதல் இரண்டு நாள், சும்மா போட்டு வைத்திருக்கிறார்களே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. கட்டிலின் தலைமாட்டை 30 டிகிரி தூக்கிக் கழுத்தை நேராக வைத்திருந்தார்கள், அம்மா பாசத்தில் தலையணை வைக்கப் போக நர்ஸ் ஓடிவந்து தடுத்தார், கழுத்து மடங்கினால் தலையிலிருந்து இறங்குகிற ரத்தம் தேங்கிவிடும் என்று. அப்புறம் மானிடால். மார்கழிக் குளிரில் அந்தப் பாட்டிலுக்குள் கல்கண்டுத் தூள் போலப் படிகம் நின்றது. வெந்நீரில் வைத்துக் கரைத்து, தெளிந்த பிறகுதான் ஏற்றினார். மூளையில் கோத்த நீரை ரத்தத்துக்கு இழுத்துச் சிறுநீராக வெளியேற்றும் மருந்து அது, சிறுநீர்ப் பை மளமளவென்று நிறையும். ஸ்டீராய்டு ஏன் போடவில்லை என்று மாமா சண்டைக்குப் போனார். கட்டியால் வரும் வீக்கத்துக்குத்தான் அது உதவும், தலையடிக்குக் கொடுத்தால் சாவு கூடுகிறது என்று 2004லேயே பெரிய ஆய்வில் தெரிந்துவிட்டது.

இதெல்லாம் கேட்காதபோதுதான் எலும்பு. எடுத்த துண்டைத் தம்பியின் வயிற்றுத் தோலுக்கடியில் வைத்துத் தைத்தார்கள், நாலு மாதம் கழித்துத் திரும்பப் பொருத்தினார்கள். அதுவரை அந்தப் பக்கம் பள்ளமாக இருக்கும், இருமினால் மேலெழும்பும், அந்தப் பக்கம் சாய்ந்து படுக்க விடாமல் மாறி மாறிக் காவல் இருந்தோம்.

மறைக்காமல் சொல்கிறேன். 2016ல் வந்த ஓர் ஆய்வில், மருந்துக்கு அடங்காதவர்களில் எலும்பை எடுத்தவர்களிடம் ஆறு மாதத்தில் சாவு சுமார் 27 சதவீதம், எடுக்காதவர்களிடம் 49. ஆனால் எலும்பை எடுத்தவர்களிடம், பிழைத்தும் நினைவே திரும்பாதவர்களும் பிறர் துணையில்லாமல் இருக்க முடியாதவர்களும் அதிகம். அதனால் டாக்டரிடம் இன்று ராத்திரியே கேளுங்கள்: கண்மணி வெளிச்சத்துக்குச் சுருங்குகிறதா, பிழைத்தால் எந்த நிலையில் இருப்பார் என்று அவர் நினைக்கிறார். எங்களுக்கு எங்கள் டாக்டர் உட்கார வைத்து, ஸ்கேனைக் காட்டிச் சொன்னார், அதன் பிறகுதான் கை ஓடியது.

தம்பி இப்போது நடக்கிறான், பேச்சு கொஞ்சம் மெதுவாக வரும். சட்டைப் பொத்தானை மட்டும் இன்னும் அம்மாதான் போட்டுவிடுகிறார்.