மழையைத் தேடிக் கட்டிய வான் ஆய்வுக்கூடம்

கேள்வி: ஆஸ்ட்ரோசாட், ஆதித்யா எல்1 என்று விண்வெளித் தொலைநோக்கிகளுக்கு அரசு கோடி கோடியாகச் செலவிடுகிறது. மழை பொய்த்தால் குடிக்கத் தண்ணீர் இல்லாத எங்கள் பக்கத்துக்கு இதனால் என்ன வந்தது? பல்கலைக்கழகங்களும் எல்லாவற்றுக்கும் அரசிடம் கையேந்தாமல், தங்கள் ஆராய்ச்சிக்குத் தாங்களே நிதி திரட்டிக்கொண்டால் என்ன?
– வாசகர் ஒருவர், உசிலம்பட்டி

பதில்: மழை என்று எழுதிவிட்டீர்கள், நானும் மழையிலிருந்தே தொடங்குகிறேன். நம் பக்கத்து மலையில் வானியலுக்கு அரசு பணம் ஒதுக்கியதே மழை பொய்த்ததால்தான்.

தாது வருடப் பஞ்சத்தைப் பற்றி உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லியிருப்பார்கள். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தையும் மைசூரையும் அழித்த அந்தப் பஞ்சத்தில் இலட்சக்கணக்கானோர் மாண்டார்கள். (வானம் மட்டுமே அவர்களைக் கொல்லவில்லை. இங்கே மக்கள் பட்டினி கிடந்தபோது இந்தியத் தானியம் கப்பலேறிக்கொண்டிருந்தது என்பதைப் பஞ்சத்தைப் பற்றிப் பேசும்போதெல்லாம் சொல்லியாக வேண்டும்.) சூரியனில் கரும்புள்ளிகள் கூடுவதற்கும் குறைவதற்கும் பருவமழைக்கும் தொடர்பு இருக்கக்கூடும் என்ற எண்ணம் அக்காலத்தில் வலுவாக இருந்தது, அதை அறிய வேண்டுமானால் சூரியனை நாள் தவறாமல் கவனிக்க வேண்டும் என்று பரிந்துரைக்கப்பட்டது. வானியலர் மிச்சி ஸ்மித் நீலகிரியையும் பழனி மலையையும் ஆராய்ந்து கொடைக்கானலைத் தேர்ந்தெடுத்தார். 1899 இல் அமைந்த அந்த ஆய்வுக்கூடத்தில் 1901 இல் சூரியனைக் கவனிக்கும் பணி தொடங்கியது.

கரும்புள்ளியைப் பார்த்து மழையைச் சொல்ல முடியவில்லை. கேட்ட பயன் வரவில்லை என்று அன்றைக்கே அந்தக் கூடத்தை இழுத்து மூடியிருந்தால், 1909 ஜனவரியில் ஜான் எவர்ஷெட் அங்கே கண்டது நமக்குக் கிடைத்திருக்காது. கரும்புள்ளியின் ஒளியை நிறமாலையாகப் பிரித்து, அதன் கோடுகள் புள்ளியின் ஓரங்களில் மிகச் சிறிதளவு இடம் பெயர்வதை அவர் அளந்தார். வாயு நம்மை நோக்கியோ விலகியோ நகர்ந்தால் கோடுகள் அப்படி இடம் பெயரும். கருத்த நடுப்பகுதியைச் சூழ்ந்த வளையத்தில் வாயு நொடிக்குச் சுமார் 2 கிலோமீட்டர் வேகத்தில் வெளிநோக்கிப் பாய்கிறது என்று அதிலிருந்து தெரிந்தது. உலகெங்கும் சூரிய இயற்பியல் படிப்பவர்கள் இன்றும் அதை எவர்ஷெட் விளைவு என்றே படிக்கிறார்கள். 1904 முதல் அங்கே கண்ணாடித் தகடுகளில் பதிவான சூரியப் படங்கள் இப்போது எண்மயமாக்கப்பட்டுள்ளன. நூறாண்டுக்கு மேல் நீளும் இத்தகைய தொடர் உலகில் மிகச் சில இடங்களிலேயே உண்டு. கொடைக்கானல் கூடத்தை இன்று நடத்தும் இந்திய வான் இயற்பியல் நிறுவனம்தான், 2023 செப்டம்பர் 2 இல் ஏவப்பட்ட ஆதித்யா எல்1 இன் முதன்மைக் கருவியை உருவாக்கியது. 1989 மார்ச்சில் சூரியப் புயல் ஒன்று கனடாவின் கியூபெக் மாநிலத்தை ஒன்பது மணி நேரம் இருட்டில் தள்ளியது. அத்தகைய புயலைப் பற்றி அறிவதற்கு, பூமியிலிருந்து 15 இலட்சம் கிலோமீட்டர் தொலைவில் நிற்கும் ஆதித்யாவின் அளவீடும் வேண்டும், மலைமேல் மூன்று தலைமுறை எடுத்து வைத்த படங்களும் வேண்டும்.

இனிப் பணம். ஆஸ்ட்ரோசாட் செயற்கைக்கோளுக்கு ஆன செலவு சுமார் 178 கோடி ரூபாய். மதுரை நத்தம் சாலையில் ஏழு கிலோமீட்டர் நீளத்துக்குக் கட்டிய மேம்பாலத்துக்கு அதைப்போல மூன்று மடங்குக்கு மேல் ஆயிற்று. மேம்பாலம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கோடி என்றதும் விண்வெளியை மட்டும் கைகாட்டுவது நியாயமில்லை என்கிறேன். உங்கள் ஊர்ப்பக்கத்து 58 கிராமக் கால்வாய் பல்லாண்டு இழுத்தடித்ததற்கும், அதில் வைகை அணைத் தண்ணீரைத் திறந்துவிடச் சொல்லி நீங்கள் தெருவில் உட்கார வேண்டியிருப்பதற்கும் எந்தத் தொலைநோக்கியும் காரணம் அன்று. அந்தக் கோரிக்கையில் நான் உங்கள் பக்கம் நிற்கிறேன். இந்தப் பக்கத்தில் பலமுறை எழுதியும் இருக்கிறேன்.

உங்கள் கேள்வியின் இரண்டாம் பகுதிதான் எனக்கு உண்மையான வருத்தம் தருகிறது. விண்வெளி வானியல் பல்கலைக்கழகத்துக்கு அப்பாற்பட்ட வேலை என்ற எண்ணம் அதில் இருக்கிறது. 1958 இல் அமெரிக்காவின் முதல் செயற்கைக்கோளில் சென்ற கதிர்வீச்சுக் கருவியை அயோவா பல்கலைக்கழகத்தின் இயற்பியல் துறையில்தான் வான் ஆலனும் அவருடைய மாணவர்களும் உருவாக்கினார்கள். பூமியைச் சுற்றியுள்ள கதிர்வீச்சு வளையங்கள் அதனால் தெரியவந்தன. ஆதித்யா எல்1 ஏவப்பட்டபோது அதன் திட்ட இயக்குநராக இருந்த நிகர் ஷாஜி செங்கோட்டைக்காரர். திருநெல்வேலி அரசு பொறியியல் கல்லூரியில் படித்த அவருடைய பட்டம் மதுரை காமராசர் பல்கலைக்கழகம் வழங்கியது. அரசு தொடர்ந்து பணம் போட்டு நடத்திய கல்லூரி ஒன்று அந்தக் காலத்தில் இருந்தது என்பதையும் நாம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

விண்ணில் இருந்து வருவதை வைத்து ஒரு மாணவி என்ன செய்ய முடியும் என்று கேட்பீர்கள். எக்ஸ் கதிர்கள் காற்று மண்டலத்தைத் தாண்டித் தரைக்கு வருவதில்லை. ஆகவேதான் கருவியை மேலே அனுப்ப வேண்டியிருக்கிறது. 2015 செப்டம்பர் 28 இல் மேலே சென்ற ஆஸ்ட்ரோசாட்டின் எக்ஸ் கதிர்க் கருவிகள் அனுப்புவதில் பெரும்பகுதி ஒரு நீண்ட பட்டியல்: ஒவ்வொரு எக்ஸ் கதிர்த் துகளும் எந்தக் கணத்தில் வந்தது, எவ்வளவு ஆற்றலோடு வந்தது என்ற விவரம். அவற்றுள் ஒரு கருவி, நொடியை இலட்சம் கூறாக்கி நேரம் குறிக்கிறது. அந்தப் பட்டியலை இலவச மென்பொருளில் ஏற்றி நேரவாரியாக அடுக்கி, அதில் எந்தத் துடிப்பு திரும்பத் திரும்ப வருகிறது என்று கணக்கிட்டால், ஜிஆர்எஸ் 1915+105 என்னும் கருந்துளையை நெருங்கிச் சுழலும் வாயுவின் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 70 முறை துடிப்பதைக் காணலாம். பெங்களூரை அடுத்த பையாலாலுவில் உள்ள இஸ்ரோ தரவு மையம், குறிப்பிட்ட காலம் கழிந்ததும் இந்தப் பதிவுகளை எல்லோருக்கும் திறந்துவிடுகிறது. ஐந்தாண்டு உழைக்கும் என்று கணக்கிட்டு அனுப்பிய ஆஸ்ட்ரோசாட் பத்தாண்டைக் கண்டுவிட்டது. அத்தனை பதிவுகளையும் ஆராயும் அளவுக்கு நம்மிடம் ஆள் இல்லை.

நாகமலையிலோ பெரியகுளத்திலோ அருப்புக்கோட்டையிலோ ஒரு கல்லூரி மாணவி இதைச் செய்ய வேண்டுமானால் மடிக்கணினி ஒன்றும், இணையமும், இந்தத் துறை தெரிந்த ஓர் ஆசிரியரும், முனைவர் பட்டம் முடியும்வரை மாதம் தவறாத உதவித்தொகையும் போதும். கணினியும் இணையமும் எளிதில் கிடைத்துவிடுகின்றன. ஆசிரியர் பணியிடங்கள் ஆண்டுக்கணக்கில் நிரப்பப்படாமல் கிடக்கின்றன. உதவித்தொகை மாதக்கணக்கில் நிலுவையில் நிற்கிறது. பேருந்துக் கட்டணத்துக்குக் கடன் வாங்கி ஆய்வகத்துக்கு வரும் பிள்ளைகளை நான் நேரில் அறிவேன். அரசு 178 கோடியில் கருவியைச் செய்து மேலே அனுப்பிவிட்டு, அது தருவதைப் படிக்கும் பெண்ணுக்கு மாதச் செலவுக்குப் பணம் தராமல் இருப்பதைத்தான் வீண்செலவு என்று சொல்ல வேண்டும்.

இதற்கு ஒரு நல்ல முன்மாதிரி நம் நாட்டிலேயே இருக்கிறது. 1988 இல் வானியலர் ஜயந்த் நார்லிகர் தலைமையில், பல்கலைக்கழக மானியக் குழுவின் நிதியில், புணேயில் பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான வானியல் மையம் தொடங்கப்பட்டது. தொலைநோக்கியே இல்லாத கல்லூரியின் ஆசிரியரும் அங்கே இணை ஆய்வாளராகச் சேர்ந்து, விடுமுறையில் போய்த் தங்கி, ஆராய்ச்சி செய்து திரும்பலாம். அத்தகைய மையம் தெற்கே ஒன்று மதுரையில் வேண்டும் என்று நான் எழுதி வருவது பழைய வாசகர்களுக்குத் தெரியும். இனியும் எழுதுவேன்.

அந்தப் பழைய வாசகர்கள் என்னோடு சண்டையிட்டதும் எனக்கு மறக்கவில்லை. 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை சுமார் 1500 கோடி ரூபாயில் ஒப்புதல் அளித்த, நியூட்ரினோ என்னும் நுண்துகளை ஆராயும் ஆய்வுக்கூடம், போடி மேற்கு மலையில் பொட்டிப்புரத்தை ஒட்டி அமைவதாக இருந்து, எதிர்ப்பாலும் வழக்குகளாலும் நின்றது. அதற்காகத் திட்டமிட்ட 50,000 டன் காந்த இரும்புக் கருவியின் 85 டன் மாதிரி மட்டும் மதுரையில் நிறுவப்பட்டது. மலை என்னாகும், தண்ணீர் என்னாகும் என்று கேட்ட மக்களை அறிவியலுக்கு எதிரிகள் என்று ஏசியவர்களோடு நான் அன்றும் உடன்படவில்லை, இன்றும் உடன்படவில்லை. திட்டம் முடிவாவதற்கு முன்பே, அவர்கள் ஊரில் உட்கார்ந்து, அவர்கள் பேசும் தமிழில் பதில் சொல்லியிருக்க வேண்டும். அப்படிச் சொல்லத் தகுந்தவர் யார்? தேனியிலும் போடியிலும் மதுரையிலும் அதே துறையில் ஆராய்ச்சி செய்யும், ஊரார் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தும் கல்லூரி ஆசிரியர்தான். அப்படிப்பட்டவர்கள் நம் பகுதியில் நூறு பேர் இருந்திருந்தால் அந்த மக்களுக்கு உரிய மதிப்பும் விடையும் கிடைத்திருக்கும். அதன்பின் வேண்டும் என்பதையோ வேண்டாம் என்பதையோ அவர்கள் தெரிந்து சொல்லியிருப்பார்கள்.

தாங்களே நிதி திரட்டட்டும் என்கிறீர்கள். 2023 இல் சட்டமான அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளைக்கு ஐந்தாண்டில் 50,000 கோடி என்று அறிவித்தபோது, அதில் 36,000 கோடி அரசுக்கு வெளியிலிருந்து வரும் என்றுதான் கணக்கிட்டார்கள். மருந்துக்கும் மின்கலத்துக்கும் நிறுவனங்கள் பணம் போடும். கருந்துளையின் துடிப்பை எண்ணுவதற்கு எந்த முதலாளியும் காசோலை எழுதமாட்டார். எழுத வேண்டும் என்று நாம் எதிர்பார்ப்பதும் தவறு. நாட்டின் மொத்த உற்பத்தியில் 0.64 விழுக்காடு மட்டுமே ஆராய்ச்சிக்குப் போகிறது; தென் கொரியாவில் அது 4 விழுக்காட்டுக்கு மேல். அந்தச் சிறு தொகையிலும் பெரும் பங்கு மத்திய நிறுவனங்களுக்கே போய்விடுகிறது. பெரும்பான்மை மாணவர்கள் படிக்கும் மாநிலப் பல்கலைக்கழகங்கள், கட்டணத்தை உயர்த்திச் சம்பளம் கொடுக்கும் நிலையில் இருக்கின்றன. தாமே திரட்டிக்கொள்ளுங்கள் என்று அவற்றிடம் சொன்னால், உசிலம்பட்டிப் பிள்ளையிடம் கூடுதல் கட்டணம் வாங்குங்கள் என்று சொன்னதாகத்தான் முடியும்.

ஆகையால் உங்களிடமும், இதைப் படிக்கும் ஆராய்ச்சி மாணவர்களிடமும் ஒரு கோரிக்கை வைக்கிறேன். உங்களுக்கு எத்தனை மாத உதவித்தொகை நிலுவையில் இருக்கிறது, உங்கள் துறையில் எத்தனை ஆசிரியர் இடங்கள் காலி, எவ்வளவு காலமாகக் காலி என்று எழுதி அனுப்புங்கள். பெயர் வெளியிடமாட்டேன். வரும் விவரங்களை ஊர்வாரியாக இதே பக்கத்தில் அச்சிட்டு, மதுரை, தேனி, விருதுநகர், திண்டுக்கல் நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கும் மாநில உயர்கல்வித் துறைக்கும் அனுப்பிவைக்கிறேன்.