பழைய பிசினஸ் ஜெட்: தரகர் சொல்வதில் எவ்வளவு உண்மை?

கேள்வி: அமெரிக்கப் பதிவு கொண்ட பழைய பிசினஸ் ஜெட் ஒன்றை, சொந்தப் பயணத்துக்காக நண்பர்கள் சேர்ந்து வாங்கப் பார்க்கிறோம். "பார்ட் 91-ல் (சொந்தப் பயணத்துக்குப் பொருந்தும் அமெரிக்க விமான விதிகள்) பராமரிப்புக் கெடு எல்லாம் பரிந்துரைதான், கட்டாயமில்லை" என்கிறார் தரகர். நம்பலாமா?

பதில்: கால்வாசி நம்பலாம். சொந்த உபயோக விமானத்தில், எஞ்சின் ஓவர்ஹால் (முழுதாகப் பிரித்துச் சரிபார்ப்பது) இடைவெளி பற்றி வாதாட இடம் உண்டு. அதே விமானத்தை, வாடகை விமானங்களுக்கான பார்ட் 135 விதிகளின் கீழ் ஓட்டினால் அந்த இடமும் போய்விடும். தரகர் இந்த ஒரு சலுகையை எல்லாவற்றுக்கும் நீட்டிவிட்டார்.

பராமரிப்புக் கையேட்டில் ஏர்வொர்தினெஸ் லிமிடேஷன்ஸ் (பறக்கும் தகுதிக்கான வரம்புகள்) என்று ஒரு பகுதி இருக்கும், பெரும்பாலும் 4-ஆம் அத்தியாயம். அமெரிக்க விமானப் போக்குவரத்து ஆணையமான எஃப்ஏஏ-வின் ஒப்புதல் பெற்ற பகுதி அது. அதிலுள்ள மாற்றுக் கெடுவும் சோதனை இடைவெளியும் தாண்டிய விமானத்தை இயக்கக் கூடாது என்று விதி 91.403 நேராகவே சொல்கிறது. 5-ஆம் அத்தியாயத்தில் வரும் வழக்கமான சோதனைகளும் விருப்பத்துக்குரியவை அல்ல. விதி 91.409 உரிமையாளரை ஒரு சோதனைத் திட்டத்தைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறது. தேர்ந்தெடுத்தபின் அதன்படி நடந்தே ஆக வேண்டும்.

"மணி நேரம் குறைவு" என்ற விளம்பரத்தில் மயங்காதீர்கள். எஞ்சினுக்குள் சுழலும் டர்பைன் டிஸ்க்கின் ஆயுள் சைக்கிளில்தான் கணக்கு. எஞ்சினைக் கிளப்பி, பறந்து, நிறுத்தினால் பொதுவாக ஒரு சைக்கிள். 3,000 மணி நேரம் பறந்த விமானம், மூன்று மணி நேரப் பயணங்களாகப் போயிருந்தால் 1,000 சைக்கிள். அரை மணி நேரத் தாவல்களாகப் போயிருந்தால் 6,000. லேண்டிங் கியர் பாகங்களுக்கோ தரையிறக்கங்கள் கணக்கு. அதிலும் வேறு விமானத்திலிருந்து கழற்றி மாட்டிய பாகம் என்றால், இந்த விமானத்தின் எண்ணிக்கை உதவாது. அப்புறம், ஹேங்கரில் சும்மா நின்றாலும் தீரும் ஆயுள் உண்டு. தீயணைப்புக் குப்பியைத் திறக்கும் வெடிமருந்து கேட்ரிட்ஜுக்கு நாள்காட்டிதான் கெடு.

ஆயுள் வரம்புள்ள ஒவ்வொரு பாகத்தின் தற்போதைய நிலையைப் பதிவேட்டில் வைத்திருக்கச் சட்டம் சொல்கிறது. விற்கும்போது அந்தப் பதிவேடும் விமானத்தோடு வர வேண்டும். வாங்குகிறவர்கள் இன்னும் கறாராக, பாகம் தயாரான நாளிலிருந்தே தாள் கேட்பார்கள். அது இல்லையென்றால் நாளை நீங்கள் விற்கும்போது விலை அடிவாங்கும்.

எனவே முன்பணம் தருவதற்கு முன், அடுத்தடுத்து வரவேண்டிய வேலைகளின் பட்டியலை வாங்குங்கள். தரகருக்குச் சம்பந்தமில்லாத பட்டறை ஒன்றில் கொடுத்து, நடப்புக் கையேட்டோடும் ஏர்வொர்தினெஸ் டைரக்டிவ்களோடும் (பாதுகாப்புக் குறையைச் சரிசெய்ய எஃப்ஏஏ இடும் கட்டாய உத்தரவுகள்) வரி வரியாக ஒப்பிடச் சொல்லுங்கள். கெடு நெருங்கிய டிஸ்க் இருந்தால், மாற்றும் செலவை விலையில் கழிக்கக் கேளுங்கள்.