கூட்டம் இருக்கிறது, ஜனம் எங்கே?

அன்புள்ள ஐயா,

கோத்தகிரி பக்கம் ஒரு மேல்நிலைப் பள்ளியில் புவியியல் நடத்துகிறேன். 2001க்கும் 2011க்கும் நடுவே தமிழ்நாட்டில் ஜனத்தொகை குறைந்த ஒரே மாவட்டம் நீலகிரிதான் என்று சொன்னதும் வகுப்பே சிரித்தது. "டீச்சர், சீசன்ல ஊட்டிப் பக்கம் போயிருக்கீங்களா?" என்றான் ஒருவன். குடும்பக் கட்டுப்பாடு என்று சொல்லிச் சமாளித்தேன், எனக்கே நிறைவில்லை. இன்னொருத்தி, மலைக்குக் கீழே இருக்கும் அவிநாசி எப்படி நீலகிரி எம்.பி. தொகுதியில் வருகிறது என்று கேட்டாள். இரண்டுக்கும் உங்கள் பதில் வேண்டும்.

ச., கோத்தகிரி

அன்புள்ள ச.,

பையன் கண்ணால் பார்த்ததும் சரி, சென்சஸ் எழுதியதும் சரி. 2011 கணக்கெடுப்பு பிப்ரவரியில் நடந்தது. சீசனுக்கு அப்போது இன்னும் இரண்டு மாதம். தவிர, யாரையும் அவர் வழக்கமாகக் குடியிருக்கும் இடத்தில்தான் எண்ணுவார்கள். மே மாதம் தாவரவியல் பூங்காவில் முண்டியடித்த சென்னைக்காரர் சென்னைக் கணக்கில் ஒரு தலை. அவர் செலவழித்த தண்ணீரும் விட்டுப்போன குப்பையும் மட்டும் ஊட்டி நகராட்சியின் தலையில். அரசு நிதியைப் பிரிக்கும்போது குடியிருப்போர் எண்ணிக்கையைப் பார்க்கிறார்களே ஒழிய வந்துபோகிறவர்களை அல்ல. அவர்களை எண்ணத்தான் இ-பாஸ் வந்தது. 2025 கோடையில் வார நாளுக்கு 6,000 வண்டி, வார இறுதிக்கு 8,000 என்று உயர் நீதிமன்றம் வரம்பே கட்டியது.

குடும்பக் கட்டுப்பாட்டை விட்டுவிடுங்கள். பிறப்பு தமிழ்நாடு முழுக்கத்தான் குறைந்தது. ஆனாலும் அதே பத்தாண்டில் மாநிலத்தின் ஜனத்தொகை 15 சதவீதத்துக்கு மேல் கூடியிருக்கிறது. நீலகிரி மட்டும் 7,62,141லிருந்து 7,35,394க்கு இறங்கியது. ஆட்கள் மலையிறங்கிப் போயிருக்கிறார்கள். யார் போனார்கள் என்பதற்கும் துப்பு உண்டு: ஆயிரம் ஆண்களுக்கு 1014 ஆக இருந்த பெண்கள் 1042 ஆனார்கள்.

காரணத்தைத் தேயிலையில் தேடுங்கள். உங்கள் பிள்ளைகளில் பாதிப்பேர் வீட்டில் ஏக்கரோ ஒன்றரை ஏக்கரோ தோட்டம் இருக்கும். உருளைக்கிழங்கு போட்ட நிலத்தை ஹட்டிக்காரர்கள், அதாவது படகர் ஊர்க்காரர்கள், தேயிலைக்கு மாற்றியது மாதாமாதம் காசு வரும் என்றுதான். நாலு கிலோவுக்கு மேல் பச்சை இலை போனால்தான் ஒரு கிலோ தூள். அந்தத் தூளுக்குப் பெரிய வாடிக்கை சோவியத் யூனியன். அது 1991இல் உடைந்தது. ஒன்றிரண்டு நல்ல வருஷங்களுக்குப் பிறகு, தொண்ணூறுகளின் கடைசியில் பச்சை இலை கிலோ ஒற்றை இலக்க ரூபாய்க்கு விழுந்தது. கிழங்கு என்றால் அடுத்த போகத்துக்கு வேறு எதையாவது போடலாம். தேயிலைச் செடியைப் பிடுங்க யாருக்கு மனசு வரும்? செடி நின்றது, ஆள் போனார். பெண்கள் இருந்து இலை பறித்தார்கள், ஆண்கள் கோவைக்கும் திருப்பூருக்கும் பெங்களூருக்கும் போனார்கள். படகர்களின் ஹெத்தையம்மன் பண்டிகைக்கு ஹட்டியில் கார் நிறுத்த இடமிருக்காது. மறுவாரம் போனால் பாதி வீடு பூட்டிக் கிடக்கும்.

மாவட்டத்தின் ஜனத்தொகையை ஒரு காலத்தில் ஏற்றிவிட்டதும் தேயிலைதான், கூடவே அரசாங்கம். 1964 சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தப்படி இலங்கையில் இருந்த இந்திய வம்சாவளித் தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதாயிற்று. வந்தவர்களுக்கு வேலை தரத் தமிழக அரசு 1968இல் நீலகிரியில் தேயிலை நடத் தொடங்கியது. அதுதான் 1976இல் டான்டீ, அதாவது அரசின் தேயிலைத் தோட்டக் கழகம், ஆனது. தோட்டத் தொழிலாளருக்குத் தரும் லைன் வீடு வேலையோடு ஒட்டியது. ஓய்வு பெற்றால் வீடும் போச்சு. இப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்த பிள்ளை அங்கேயே நிற்குமா? அவர்களும் இறங்கினார்கள். இன்று பல எஸ்டேட்டுகளில் இலை பறிப்பவர்கள் ஜார்க்கண்டிலிருந்தும் அஸ்ஸாமிலிருந்தும் வந்தவர்கள். 2027 கணக்கெடுப்பின்போது இங்கேயே தங்கியிருந்தால் அவர்களும் நீலகிரிக்காரர்கள்தான். வகுப்பில் இதைச் சொன்னால் ஒரு சண்டை வரும், வரட்டும். (கூடலூர், பந்தலூர் தனிக்கதை. அங்குள்ள நிலச் சிக்கலைத் தொட்டால் இந்தக் கடிதம் முடியாது.)

அவிநாசிக் கேள்வி கேட்ட பெண்ணை எனக்குப் பிடித்திருக்கிறது. தமிழ்நாட்டில் 234 சட்டமன்றத் தொகுதி, 39 எம்.பி. வகுத்தால் ஒரு எம்.பி.க்கு ஆறு. மலையில் இருப்பதோ உதகை, குன்னூர், கூடலூர் மூன்றுதான். மிச்சத்துக்குக் கீழே கைநீட்டி மேட்டுப்பாளையம், அவிநாசி, பவானிசாகரைச் சேர்த்தார்கள். மூன்றும் மூன்று வேறு மாவட்டம். 2008 தொகுதி மறுவரையறைக்குக்கூட 2001 ஜனத்தொகைதான் அடிப்படை, அதாவது இந்தச் சரிவுக்கு முந்தைய கணக்கு.

அவளிடம் இன்னொன்றும் சொல்லுங்கள். கோத்தகிரியிலிருந்து இறங்கி அவிநாசியில் பனியன் கம்பெனி வேலையில் சேர்ந்து, ஓட்டையும் அங்கேயே மாற்றிக்கொண்டவர் மாவட்டக் கணக்கில் போய்விட்டார். ஓட்டுப் போடுவது மட்டும் இன்னும் நீலகிரி எம்.பி.க்குத்தான்.